டோர் பிரவுசர் கோப்பு முழுதாக வந்தாலும் கையொப்பம் பொருந்தவில்லை

நான்கு நாளாக டோர் பிரவுசரை (அடையாளத்தை மறைத்து இணையத்தில் உலாவ உதவும் பிரவுசர்) இறக்க முடியாமல் திண்டாடுகிறேன். மதுரை, வீட்டு பிராட்பேண்ட், விண்டோஸ் 11 லேப்டாப். டோர் புராஜெக்ட் தளத்திலிருந்து இறக்கினால் பாதியில் 'நெட்வொர்க் எரர்' என்று நின்றுவிடுகிறது, ரெஸ்யூம் கொடுத்து ஒருவழியாக முடித்தாலும் ஜிபிஜியில் (கோப்பு அசல்தானா என்று டிஜிட்டல் கையொப்பத்தை வைத்துப் பார்க்கும் மென்பொருள்) சரிபார்க்கும்போது 'பேட் சிக்னேச்சர்' என்றே வருகிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கத் தேவையான சாவி இல்லை என்ற பிழை அல்ல இது, டோர் டெவலப்பர்களின் சாவியை முதலிலேயே சேர்த்துவிட்டேன். கையொப்பக் கோப்பும் அதே பதிப்புக்கு உரியதுதான்.

வேறு பிரவுசரில் முயன்றேன், டிஎன்எஸ் மாற்றினேன், ஆன்டிவைரஸை நிறுத்தியும் பார்த்தேன். கெட்டோருக்கு (மாற்று இறக்க இணைப்புகளை அனுப்பும் டோர் புராஜெக்ட் சேவை) மின்னஞ்சல் அனுப்பி வந்த இணைப்பிலும், மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் இதே கதி. ஒவ்வொரு முறையும் எஸ்எச்ஏ256 மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) வேறாக இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பொருந்தாத கோப்பை நிறுவ மாட்டேன்.

இரண்டு இணைப்பிலும் இப்படி என்றால், லேப்டாப்பின் ரேம் அல்லது எஸ்எஸ்டி பழுதா என்பதை எப்படி உறுதி செய்வது?