கற்பனை அறைக்கு முதல் கோடு எது: கதையா, படமா?

உள்ளறை எழுதியது:

இங்கே படக்கதை வரைபவர்களும் மேடை அரங்கம் அமைப்பவர்களும் கதை எழுதுபவர்களும் இருக்கிறீர்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் வம்புக்கு இழுக்கிறேன். இல்லாத ஓர் அறையை வடிவமைக்க உட்காருகிறவர்கள் முதல் வேலையாகப் படம் சேர்ப்பதை நிறுத்த வேண்டும். இதுதான் என் தரப்பு.

ஒரு படக்கதைக்காகக் கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் அறையை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். கடல் நடுவே பாறைமேல் நிற்கும் கோபுரம். காலம் 1900ஐ ஒட்டியது. ஒரு படம்கூடப் பார்க்காமல் அந்த மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அவருக்கு இடக்காது கேட்காது. அதனால் வலக்காது படிக்கட்டுப் பக்கம் இருக்கும்படி நாற்காலியைப் போட்டிருக்கிறார். மகளுக்குக் கடிதம் எழுதுகிறார், அனுப்புவதில்லை; மேசையில் மை உண்டு, தபால்தலை கிடையாது. உடன் வேலை பார்த்தவர் இறந்த பிறகும் அவருடைய கோட்டு ஆணியில் தொங்குகிறது. இவ்வளவு எழுதியதும் அறை தானாகவே நிரம்பத் தொடங்கிவிட்டது.

படத்திலிருந்து தொடங்கியவர்களின் கலங்கரை அறைகளைப் பாருங்கள். சுவரில் கப்பல் சுக்கான், மூலையில் சுருட்டிய கயிறு, பித்தளை விளக்கு, தொலைநோக்கி, வட்டச் சாளரம். யார் வரைந்தாலும் இதே அறை. அங்கே குடியிருப்பது யார் என்று கேட்டால் வரைந்தவருக்கே தெரியாது.

சுழல்படி எழுதியது:

உங்கள் முதியவரின் நாற்காலி எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது, நண்பரே? காரணத்தோடுதான் கேட்கிறேன். பாறைக் கோபுரத்துக்குள் நேர்ச்சுவரே கிடையாது. சின்னச் சின்ன வட்ட அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதனால் கட்டிலையே சுவரின் வளைவுக்கு ஏற்ப வளைத்துச் செய்து பொருத்தினார்கள். அதில் படுத்தவரும் வளைந்துதான் தூங்க வேண்டும்.

இன்னொன்று. உச்சியில் இருந்த பெரிய ஒளிவில்லையைச் சுழற்றியது கடிகாரம் போன்ற ஓர் இயந்திரம். மெல்லக் கீழிறங்கும் எடை ஒன்று அதை இயக்கியது. எடை அடிக்கு வருவதற்குள் காவலர் அதை மறுபடியும் சுற்றி மேலே ஏற்றியாக வேண்டும். விடியும்வரை இதுதான் வேலை. சில கோபுரங்களில் அந்த எடை இறங்குவதற்கான குழாய், தளங்களின் நடுவே புகுந்து போகும். அதாவது மனிதர் உட்கார்ந்து உண்ணும் அறையின் நட்டநடுவில், தரையிலிருந்து கூரைவரை ஒரு குழாய். உங்கள் ஒரு பக்கக் குறிப்பில் அது இருக்கிறதா? இருக்க வழியில்லை. அதெல்லாம் தேடிப் பார்த்தவருக்கே கிடைக்கும்.

சுக்கானும் கயிறும் படம் தேடியதால் வந்தவை என்கிறீர்கள். தேடாததால் வந்தவை அவை. கண்ணை மூடினால் முதலில் தோன்றுவது எப்போதோ யாரோ காட்டிய படம்தான். அதை விரட்டுவதற்காகத்தான் உண்மையான அறைகளைப் பார்க்கச் சொல்கிறோம்.

உள்ளறை எழுதியது:

குழாய் அருமை. எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கோபுரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த எத்தனையோ விவரங்களில் இதை மட்டும் ஏன் எனக்குச் சொன்னீர்கள்? ஒருவர் தூக்கம் கலைந்து எழுந்து அதைச் சுற்ற வேண்டும் என்பதால். அது கதை. படத்தில் தெரிவது வெறும் குழாய். உள்ளே ஒரு எடை இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதைப் படம் சொல்லாது.

அதோடு, நமக்குக் கிடைக்கும் அறைப் படங்கள் எப்படிப்பட்டவை? 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியான குடும்பங்கள் தங்கள் வரவேற்பறைகளை நீர்வண்ண ஓவியங்களாக வரையச் சொல்லி வைத்துக்கொண்டன. நேர்த்தியான ஓவியங்கள், பெரும்பாலும் ஆள் இல்லாதவை. வேலைக்காரர்கள் படுத்த அறையை அப்படி வரையச் சொல்லிக் காசு கொடுத்தவர்கள் மிகக் குறைவு. புகைப்படம் வந்த பிறகும் அறையைத் துடைத்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் படம் எடுத்தார்கள். கதவுக்குப் பின்னால் என்ன தொங்கியது என்று எவரும் படம் எடுத்துவைக்கவில்லை. நான் வரைய வேண்டியது அந்தக் கதவின் பின்புறத்தை.

சுழல்படி எழுதியது:

பார்ப்பது என்றால் புகைப்படம் மட்டும் என்று யார் சொன்னது? கட்டுமானக் குறுக்குவெட்டு வரைபடங்கள் இருக்கின்றன. இறந்தவரின் வீட்டில் அறை அறையாகப் போய், கிழிந்த போர்வைவரை எண்ணி எழுதிய பழைய ஆங்கிலேயச் சொத்துப் பட்டியல்கள் இருக்கின்றன. கதவின் பின்புறம் அவற்றில் கிடைக்கும். அழகான படங்களை மட்டும் பார்த்துவிட்டுத் தேடலையே குறை சொல்லாதீர்கள்.

பழம்பாட்டு எழுதியது:

இரண்டு பேரும் சற்று நிற்க. நம் கையிலேயே ஓர் உள்ளறை வடிவமைப்புப் பாடநூல் இருக்கிறது: நக்கீரரின் நெடுநல்வாடை. 188 அடிகள். தலைவன் போர்ப்பாசறையில், அரசி அரண்மனையில், வெளியே விடாத வாடைக்காற்று. அவ்வளவுதான் கதை.

நகரத்து வீடுகளுக்குள் அவர் எதைக் காட்டுகிறார் என்று கவனியுங்கள். கைதேர்ந்த கலைஞன் செய்த சிவந்த வட்ட விசிறி மடக்கி மாட்டப்பட்டிருக்கிறது. அதைச் சிலந்தி நூல் சுற்றியிருக்கிறது. வடநாட்டார் தந்த சந்தனக் கல் சும்மா கிடக்கிறது. குறுகிய வாய்க் கலத்துத் தண்ணீரைக் குடிப்பார் இல்லை. அகன்ற வாயுடைய தடவில், அதாவது கணப்புச் சட்டியில், நெருப்பு எரிகிறது. கோடையில் தென்றல் நுழையும் மாடத்துச் சாளரம் தாழிடப்பட்டிருக்கிறது. பொருள்களைப் பயன்படுத்தாமல் விட்டதை வைத்தே பருவத்தைச் சொல்லிவிட்டார். வீட்டில் என்ன இருக்கிறது என்று எந்தப் பட்டியலும் சொல்லும். எதை எவ்வளவு காலமாகத் தொடவில்லை என்று சொல்லுமா?

பிறகு அரசியின் கட்டில். போரில் வீழ்ந்த நாற்பது வயது யானையின் தந்தத்தில் செய்தது. அதன் மேல் விதானத்தில் நிலவோடு பிரியாமல் நிற்கும் உரோகிணியை வரைந்திருக்கிறார்கள். தனியாகப் படுத்திருப்பவள் அண்ணாந்தால் தெரிவது அது. அதைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுகிறாள். கணவன் இன்னும் போரில் இருக்கிறான். அவள் கட்டிலின் கால்களும் போரிலிருந்து வந்தவை.

கதை மட்டும் தெரிந்த ஒருவரால் இதை எழுத முடியாது. யானையின் வயதும் தந்தவேலையும் தெரிந்திருக்க வேண்டும். நிழலை வைத்துத் திசை குறித்து, நூல் பிடித்து மனை வகுக்கும் முறையைக்கூட விடாமல் சொல்கிறார். ஆனால் அந்த அறிவெல்லாம் அந்தப் பெண்ணின் பார்வைக்குள் வந்து சேருகிறது. சேராத விவரத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரங்கமைப்பாளன் எழுதியது:

சுழல்படி அவர்களின் உண்மை வழிபாட்டுக்கு ஒரு மறுப்பு. 1964இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான கோல்ட்ஃபிங்கரில், அமெரிக்க அரசின் ஃபோர்ட் நாக்ஸ் தங்கக் கிடங்கின் உட்புறம் வரும். கலை இயக்குநர் கென் ஆடம் உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. தங்கப் பாளங்களை ஆள் உயரத்துக்கு மேல், தேவாலயம்போல் அடுக்கிவிட்டார். வங்கிகள் வைத்திருக்கும் ஒரு பாளமே சுமார் 12.4 கிலோ. அந்த எடையை அப்படி அடுக்கி வைக்க எந்தக் கிடங்கும் முன்வராது. பொய்யான அறைதான். ஆனால் பார்ப்பவர்களுக்குத் தங்கக் கிடங்கு என்றால் இன்றும் அதுதான். அவருக்கு உண்மையான அறையைக் காட்டியிருந்தால் தாழ்வான, சப்பென்ற ஒரு கிடங்கைக் கட்டியிருப்பார். அனுமதி மறுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்!

சுழல்படி எழுதியது:

கிடங்கில் யாரும் குடியிருக்கவில்லை, ஐயா. சில நிமிடம் நின்று வாய் பிளப்பதற்கான இடம் அது. உள்ளறை அவர்களின் வாசகர் அந்தக் கோபுரத்தில் பல பக்கங்கள் வாழப் போகிறார். தங்கத்தைப் பற்றிப் பொய் சொல்லலாம், நம்மில் யாரும் அதைத் தூக்கிப் பார்த்ததில்லை. படிக்கட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. வீட்டுப் படியின் உயரம் 15 முதல் 18 சென்டிமீட்டர், மேசை 75 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் என்பது நம் முழங்காலுக்கும் முழங்கைக்கும் தெரியும். அங்கே பிசகினால் வாசகருக்குக் காரணம் தெரியாது, அறையை நம்ப மாட்டார், அவ்வளவுதான்.

ஆடமே கட்டடக்கலை படித்தவர். இலக்கணம் தெரிந்து மீறுகிறவரைக் காட்டி, இலக்கணமே வேண்டாம் என்று வாதாடுகிறீர்கள்.

மீறலுக்குச் சான்று வேண்டுமென்றால் இத்தாலியச் செதுக்கோவியர் பிரனேசியைப் பாருங்கள். கற்பனைச் சிறைகள் என்ற செதுக்கோவியங்களை 1750 வாக்கில் முதலில் வெளியிட்டார், 14 தகடுகள். 1761இல் அவற்றையே திருத்தி, இரண்டு புதியவற்றைச் சேர்த்து 16 ஆக்கினார். இடைப்பட்ட காலத்தில் ரோமானிய இடிபாடுகளை ஆராய்ந்து வரைந்து 1756இல் நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அத்தனை ஆய்வுக்குப் பிறகு திருத்திய சிறைகள்தான் முந்தியவற்றைவிட இருண்டவை. படிகளும் பாலங்களும் கூடின, கட்டவே முடியாத இணைப்புகள் பெருகின. கல்லை நன்றாக அறிந்த பிறகு அவர் கற்பனை அடங்கியதா, கட்டறுத்துக்கொண்டதா?

நூலாம்படை எழுதியது:

எது முதலில் என்ற கேள்வியே தேவையா? துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக், காதலியின் நினைவாகப் பொருள்களைச் சேர்த்துவைக்கும் ஒருவனின் கதையையும், அந்தப் பொருள்களுக்கு இஸ்தான்புல்லில் ஓர் அருங்காட்சியகத்தையும் சேர்த்தே திட்டமிட்டார். நாவல் 2008இல் வந்தது, அருங்காட்சியகம் 2012இல் திறந்தது. நாவலின் 83 அத்தியாயங்களுக்கு 83 காட்சிப் பெட்டிகள்.

உள்ளறை எழுதியது:

காதலனின் ஏக்கம்தான் அந்தப் பெட்டிகளை நிரப்புகிறது. அவன் இல்லையென்றால் அது பழைய பொருள் கடை.

சுழல்படி எழுதியது:

அவர் பொருள்களை முதலில் வாங்கிவிட்டு, பிறகுதான் கதைக்குள் கொண்டுவந்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். பழைய பொருள் கடை இல்லையென்றால் அந்த ஏக்கம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

சிறுபிறை எழுதியது:

இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு? செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ‘கலங்கரைக் காவலர் அறை’ என்று எழுதினால் நொடியில் வந்துவிடும்.

சுழல்படி எழுதியது:

வரும். சுக்கானோடு வரும்.

துப்பறிவு எழுதியது:

நீங்கள் எல்லோரும் அறையை உண்டாக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அதைப் படிக்கிறவர் என்ன செய்வார்? அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ 1940களில் மர்ம மரணங்கள் நடந்த அறைகளைப் பொம்மை வீடுகளாகச் செய்தார். அளவு 1:12. உண்மை வழக்குகள் பலவற்றைக் கலந்து உருவாக்கியவை. துப்பறிவாளர்களுக்குப் பயிற்சி தருவதே நோக்கம். அந்த அளவில் காலுறை வேண்டும் என்பதற்காகக் குண்டூசிகளில் பின்னியிருக்கிறார். பார்ப்பவர் ஓரத்தில் தொடங்கிக் கடிகாரச் சுற்றாக நடுவை நோக்கி வர வேண்டும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த முறை. அவற்றில் 18 அறைகள் இன்றும் பால்டிமோரில், மர்ம மரணங்களை ஆராயும் மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் இருக்கின்றன.

உங்கள் அறைக்கும் அதே தேர்வை வைக்கலாம். காவலரை வெளியே அனுப்பிவிட்டு, வெறும் அறையை மட்டும் வரைந்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். இடக்காது கேட்காது என்பதை அவரால் கண்டுபிடிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்தச் செய்தி உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது, அறையில் இல்லை.

உள்ளறை எழுதியது:

நல்ல தேர்வு, செய்து பார்த்தேன். நாற்காலியின் கோணத்தை வைத்துக் காது விஷயத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. குளிருக்காகத் திருப்பியிருக்கிறார் என்றார்கள். ஆனால் குழாயைச் சேர்த்து வரைந்ததில் வேறொன்று கிடைத்தது. காது மந்தமானவர் எடை இறங்கும் சத்தத்தை நம்ப முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளங்கையைக் குழாயில் வைத்து அதிர்வைப் பார்க்கிறார். பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் கை பட்டுப் பட்டு வண்ணம் தேய்ந்திருக்கிறது. நாற்காலியில் இருப்பவரின் தோள் உயரத்தில் ஓர் உள்ளங்கை அளவுத் தேய்வு. அதைப் பார்த்தவர்கள் ‘இங்கே ஏன் தொடுகிறார்?’ என்று கேட்டார்கள். இந்தத் தேய்வை எந்த ஆவணப் படத்திலிருந்தும் நான் எடுக்கவில்லை, சுழல்படி அவர்களே. காதிலிருந்து வந்தது.

சுழல்படி எழுதியது:

குழாய் இல்லாமல் கையை எங்கே வைத்திருப்பார்? சரி, அதை விடுங்கள். கட்டில் என்ன ஆயிற்று? வளைந்த கட்டில்தானே?

உள்ளறை எழுதியது:

நேர்க்கட்டில். தெரிந்தேதான் போடுகிறேன். வளைந்து தூங்க மறுத்து, தன் வீட்டுக் கட்டிலையே கொண்டுவந்திருக்கிறார். வளைந்த சுவருக்கும் நேரான கட்டிலுக்கும் இடையில் பிறை வடிவத்தில் ஓர் இடுக்கு விழுகிறது. அனுப்பாத கடிதங்கள் அங்கே போகின்றன.

பழம்பாட்டு எழுதியது:

இது நன்றாக இருக்கிறது.

சுழல்படி எழுதியது:

நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டில் கோபுரத்துக்குள் ஏறாது. பாறைக் கோபுரங்களில் வாசல் உயரத்தில் இருக்கும். படகிலிருந்து கயிற்றில் தூக்க வேண்டும். தளத்துக்குத் தளம் ஏறும் வழி ஓர் ஆள் நுழையும் அளவுதான். முழுக் கட்டில் வராது, பிரித்துத்தான் ஏற்றியிருக்க முடியும். அப்படியென்றால் மூட்டுகளில் தடயம் இருக்கும். மரை ஆணி போட்டுப் பூட்டினாரா, அறுத்து ஏற்றிவிட்டு மறுபடி அறைந்தாரா? அறுத்திருந்தால் ஒரு கால் குட்டையாகியிருக்கும், அடியில் ஏதாவது முட்டுக் கொடுத்திருப்பார். கட்டிலின் மறுமுனையை யார் பிடித்தது? கோட்டுக்குச் சொந்தக்காரரா? இதையெல்லாம் முதலில் எழுதி முடியுங்கள், படம் அப்புறம் வரையலாம்.