ரிப்பீட் மருந்து: ஆப்பில் ‘அப்ரூவ்டு’, ஃபார்மசியில் ‘வரவில்லை’. எங்கே சிக்கியிருக்கிறது?

நிலா_ஈஸ்ட்ஹாம்:
அம்மாவுக்கு 66 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. (காலை, இரவு), பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி., கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. மூன்றும் ஜி.பி. (குடும்ப டாக்டர்) ரிப்பீட்டில், அதாவது தீரத் தீரத் திரும்பக் கேட்டு வாங்கும் முறையில், தருகிறார். போன வாரம் என்.எச்.எஸ். (பிரிட்டன் அரசு மருத்துவ சேவை) ஆப்பில் கேட்டோம். மெட்ஃபார்மின் அப்ரூவ் ஆகிவிட்டது. ஆனால் ஃபார்மசியில் “எதுவும் வரவில்லை” என்கிறார்கள். இடையில் ஆப்பில் ஃபார்மசியையும் மாற்றினோம். அம்லோடிபினை டிக் செய்யவே விடவில்லை, நாலு மாத்திரைதான் மிச்சம். மூன்றும் வெவ்வேறு நாளில் தீர்வதால் மாதம் முழுக்க இதே அலைச்சல். வழி சொல்லுங்கள்.

மருந்தகத்தான்:
முதலில் மெட்ஃபார்மின். ஃபார்மசியை எப்போது மாற்றினீர்கள், ஜி.பி. கையெழுத்துக்கு முன்பா பின்பா? பின்பு என்றால் காரணம் அதுதான். கையெழுத்தாகும் நேரத்தில் எந்த ஃபார்மசி பதிவில் இருக்கிறதோ, அந்தப் பெயரோடுதான் பிரிஸ்கிரிப்ஷன் போகும். அதற்குப் பிறகு மாற்றினால் அடுத்த தடவைக்குத்தான் செல்லும். போனது திரும்பி வராது.

சர்ஜரிக்கு (ஜி.பி. கிளினிக்குக்கு) போன் போடாதீர்கள், அவர்கள் “அனுப்பிவிட்டோம்” என்பார்கள், அது உண்மையும்கூட. பழைய ஃபார்மசியில் கேளுங்கள். மருந்து கட்டி வைத்திருந்தால் அங்கேயே வாங்கிவிடுங்கள். வேண்டாம் என்றால், “ஸ்பைனுக்குத் (பிரிஸ்கிரிப்ஷன்கள் போய்ச் சேரும் என்.எச்.எஸ். மையக் கணினி) திருப்பி விடுங்கள்” என்று சொல்லுங்கள். அவர்கள் விட்ட பிறகுதான் புதிய ஃபார்மசியால் அதை இறக்க முடியும், அம்மாவின் என்.எச்.எஸ். எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பழைய கடை பிடித்து வைத்திருக்கும்வரை புதிய கடைக்காரர் எத்தனை தடவை பார்த்தாலும் கிடைக்காது. சாதாரண மருந்துக்கான பிரிஸ்கிரிப்ஷன் 6 மாதம் செல்லும், அதனால் அது காலாவதியாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

குரொய்டன்_அக்கா:
அம்லோடிபின் டிக் ஆகாததற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்: ஜி.பி. அனுமதித்த தடவைகள் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ரிவ்யூ (மருந்து சரியாக இருக்கோ எண்டு மறுபடி பார்ப்பது) தேதி தாண்டியிருக்கும். ஆப்பில் அந்த மருந்தைத் திறந்து பாருங்கோ. பிரிஸ்கிரிப்ஷன் பச்சைத் தாளில் கிடைக்கிற ஆட்களுக்கு வலப்பக்கத் துண்டில் அது அச்சாகியிருக்கும்.

ரிவ்யூ எண்டால் ஜி.பி.யையே பார்க்க வேணும் எண்டில்லை. சர்ஜரியில் இருக்கும் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் போனிலேயே முடித்துவிடுவார். ஆனால் பிரஷர் அளவு கையில் இல்லாவிட்டால் அவராலும் முடியாது. வீட்டு மெஷினில் காலையும் மாலையும், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு தடவை, குறைந்தது 4 நாள், முடிந்தால் 7 நாள் எடுங்கோ. முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரியைக் கொடுங்கோ. 80 வயதுக்குக் கீழே வீட்டு அளவு 135/85-க்குக் கீழ் இருக்க வேணும் எண்டுதான் பார்ப்பார்கள். மெட்ஃபார்மினுக்கு வருடத்துக்கு ஒரு தரமாவது சிறுநீரக இரத்தப் பரிசோதனை வேணும். அதுவும் பிந்தியிருந்தால் ஒரே நாளில் முடியுங்கோ, இல்லாவிட்டால் அடுத்த மாதம் அந்தக் குளிசையும் இதேபோல நிற்கும்.

நிலா_ஈஸ்ட்ஹாம்:
நன்றி அக்கா. நாலு நாளுக்குள் ரிவ்யூ கிடைக்காவிட்டால்? கடையில் நேரே போய்க் கேட்கலாமா?

மருந்தகத்தான்:
கேட்கலாம், ஆனால் அதற்கு முன் என்.எச்.எஸ். உதவி எண் 111-ஐ அழையுங்கள், அல்லது 111 ஆன்லைனில் அவசர மருந்து என்று போடுங்கள். இரண்டு வழிக்கும் வித்தியாசம் பணத்தில் இருக்கிறது. 111 அனுப்பிவைத்தால் அது என்.எச்.எஸ். கணக்கு, அம்மாவுக்கு இலவசம். நேரே கவுன்டரில் போய் நின்றால் தனியார் விலை போட அவர்களுக்கு உரிமை உண்டு. எப்படிப் போனாலும் காலி டப்பாவையோ பழைய லேபிளையோ கொண்டுபோங்கள். பிரிகபாலின், டிரமடால் மாதிரிக் கட்டுப்பாட்டு மருந்துகள் இந்த வழியில் கிடைக்காது. அம்மாவின் மூன்றுக்கும் அந்தத் தடை இல்லை.

இதற்கிடையில் சர்ஜரிக்கு “ரிவ்யூ புக் ஆகும்வரை அம்லோடிபின் ஒரு தடவை கொடுங்கள்” என்று ஆப்பிலோ ஆன்லைன் படிவத்திலோ எழுதுங்கள். மிச்சம் எத்தனை, எந்தத் தேதியில் தீரும் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். வெறும் “அவசரம்” என்று எழுதினால் வரிசையில்தான் நிற்கும்.

வெவ்வேறு நாளில் தீர்வதைச் சரிசெய்ய: மூன்றையும் ஒரே நாளில் எண்ணுங்கள். அதிகம் மிச்சமிருப்பதை அளவுகோலாக வைத்து, மற்றவற்றுக்கு இடைவெளிக்கு மட்டும் மாத்திரை கேளுங்கள். உதாரணமாக அட்டோர்வாஸ்டாட்டின் 20 மாத்திரை, மெட்ஃபார்மின் 12 மாத்திரை மிச்சம் இருந்தால், மெட்ஃபார்மின் 6 நாளுக்குத்தான் வரும். 14 நாள் இடிக்கிறது, நாளுக்கு இரண்டு வீதம் 28 மாத்திரை ஒரு தடவை மட்டும். அதன்பின் எல்லாவற்றையும் 28 நாள் கணக்கில் ஒன்றாகக் கேளுங்கள், அந்தக் கணக்கில் மெட்ஃபார்மின் 56.

ஹாரோ_ரவி:
சர்ஜரிகள் பெரும்பாலும் 2 வேலைநாள் கேட்கின்றன, கடைக்கு அதன்மேல் ஓரிரு நாள். வெள்ளி மாலை போட்டால் செவ்வாய்க்கு முன் கையெழுத்தை எதிர்பார்க்காதீர்கள். பத்து நாள் மிச்சமிருக்கும்போது போடுவது பாதுகாப்பு. அதைவிட முந்திப் போட்டால் “டூ எர்லி” என்று தள்ளுவார்கள். ஊருக்குப் போவதால் முன்கூட்டி வேண்டுமென்றால் பயணத் தேதியைக் குறிப்பில் எழுதுங்கள்.

அளவு மாறாமல் ஓடும் மருந்துகளுக்கு ‘ரிப்பீட் டிஸ்பென்சிங்’ கேட்டுப் பாருங்கள். ஜி.பி. 12 மாதம்வரை ஒரே தடவையில் கையெழுத்திடுவார், ஃபார்மசி ஒவ்வொரு மாதமும் ஒன்றை இறக்கும். ரிவ்யூ முடிந்த கையோடு கேட்பதுதான் நல்ல நேரம்.

நிலா_ஈஸ்ட்ஹாம்:
பழைய கடையில்தான் மெட்ஃபார்மின் இருந்தது, வாங்கியாச்சு. கடைசியாக ஒன்று: நான் எடுக்கும் லெவோதைராக்சினுக்கு ஒவ்வொரு முறையும் 9.90 பவுண்ட் கட்டுகிறேன். ப்ரீபேமென்ட் (மொத்தமாக முன்கூட்டியே கட்டுவது) எடுக்கலாமா?

குரொய்டன்_அக்கா:
எடுக்காதையுங்கோ தங்கச்சி! தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்களுக்கு மருந்துக் கட்டணத்தில் விலக்கு உண்டு. சர்ஜரியில் எஃப்.பி.92ஏ படிவம் கேளுங்கோ. சான்றிதழ் 5 வருடம் செல்லும், தைராய்டுக்கு மட்டுமில்லை, உங்கட எல்லா என்.எச்.எஸ். மருந்துக்கும். அது வரும்வரை காசு கட்டினால் அதே நேரத்தில் எஃப்.பி.57 ரசீது வாங்குங்கோ, பிறகு தரமாட்டார்கள். அது இருந்தால் 3 மாதத்துக்குள் காசைத் திருப்பி எடுக்கலாம். சான்றிதழ் வருமுன் விலக்கு எண்டு டிக் போடாதையுங்கோ, 100 பவுண்ட் வரை அபராதம் வரும்.