சம்பளம் ஒரு நாட்டில், நாற்காலி இன்னொரு நாட்டில்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் அனுபவங்கள்

தகடூரான்:
என் மனைவி செவிலியர். பிரிட்டனில் அவருக்கு வேலை கிடைத்ததும் துணைவர் விசாவில் நானும் கிளம்பினேன். பெங்களூரு நிறுவனத்தில் பார்த்துவந்த வேலையை அங்கிருந்தே தொடரலாம் என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். மனிதவளத் துறையின் காதுக்குப் போனதும் கதை மாறியது. என் விசாவில் குறையே இல்லை. செவிலியரின் துணைவர் அங்கே வேலைக்கும் போகலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். பயம் நிறுவனத்துக்குத்தான். நான் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தால், பிரிட்டனில் தங்களுக்கு ஒரு நிரந்தர அலுவலகம் இருப்பதாகச் சொல்லி அந்நாட்டு வரித்துறை வரி கேட்டுவிடுமோ, தேசியக் காப்பீடு என்ற அங்கத்திய சமூகப் பாதுகாப்புத் தொகையை யார் கட்டுவது, வாடிக்கையாளரின் தகவல்களை இந்தியாவுக்கு வெளியே திறக்கலாமா என்று கேள்விக்கு மேல் கேள்வி. கடைசியில் ராஜினாமா செய்துவிட்டு, அதே வேலைக்கு ஒப்பந்ததாரராக பில் அனுப்புகிறேன். அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. சுயதொழிலில் இறங்கியவர் அந்த ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5க்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊரில் அப்பாவிடம் இதை விளக்கி முடியவில்லை. "பையன் வேலையை விட்டுவிட்டான்" என்றுதான் தெருவெல்லாம் பேச்சு.

பராமரிப்புப் பணியாளர்களுக்கு இந்த வழி கிடையாது. புதிதாகக் குடும்பத்தைக் கூட்டிச்செல்வதை 2024 மார்ச் 11 முதல் நிறுத்திவிட்டார்கள். ஏஜென்ட் வேறு மாதிரி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாலக்கோட்டுப் பெண்:
அண்ணா, உங்களுக்கு வேலை செய்யும் உரிமையாவது இருந்தது. நான் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசாவில், அமெரிக்காவின் நியூஜெர்சிக்குப் போனவள். ஓசூரில் நான் வேலை பார்த்த நிறுவனம், "லாக்-இன் செய்தால் போதும், சம்பளம் உங்கள் இந்தியக் கணக்கில்தானே விழப்போகிறது" என்றது. அங்கே கோயிலில் பழக்கமான பெண்களும் அதையேதான் சொன்னார்கள். குடிவரவு வழக்கறிஞரிடம் போனோம். நிறுவனம் எந்த ஊர், கணக்கு எந்த வங்கி என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "வேலை செய்யும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் என்றேன். "அப்படியானால் அது அமெரிக்காவில் செய்த வேலை. வேலை அனுமதி அட்டை வரும்வரை தொடாதீர்கள்" என்றார்.

இதைக் கொஞ்சம் இளக்கமாகச் சொல்லும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் பின்னாளில் பச்சை அட்டைக்கான படிவத்தில், அனுமதி இல்லாமல் வேலை செய்ததுண்டா என்ற கேள்வி வரும். அதற்குக் கையெழுத்துப் போடப்போவது வழக்கறிஞர் அல்ல, நான். எச்-4 துணைவர்களுக்கு 2015 முதல் வேலை அனுமதி அட்டை கிடைக்கிறது. அதற்குக் கணவரின் ஐ-140 மனு (பச்சை அட்டைக்காக அவருடைய நிறுவனம் போடுவது) ஒப்புதலாகியிருக்க வேண்டும், அல்லது அவருடைய எச்-1பி ஆறு ஆண்டுகளைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்து சேர்வதற்குள் மகள் பள்ளிக்கே போய்விட்டாள்.

பென்னாகரத்தான்:
என் நண்பர் டொரண்டோவில் வேலையில் இருந்தவர். அம்மாவைப் பார்க்க வந்து, நிறுவனத்துக்குச் சொல்லாமல் பென்னாகரத்திலிருந்தே வேலை பார்த்தார். இருக்கும் இடத்தை மறைக்க விபிஎன் போட்டாயிற்று, பின்னணிக்கு வெள்ளைத் திரையும் கட்டியாயிற்று. அங்கே காலைக் கூட்டம் நடக்கும்போது இங்கே மாலை விளக்கு வைக்கும் நேரம். ஆடி மாதம் வேறு. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி முழங்க, மேலாளர் சிரித்துக்கொண்டே "எங்கே திருவிழா?" என்று கேட்டாராம். அந்த வாரமே மடிக்கணினியைப் பூட்டிவிட்டார்கள்.

அரூர் நாடோடி:
நான் டச்சு நிறுவனத்துக்கு ஒப்பந்த வேலை செய்கிறேன். வீடு அரூரில், ஆண்டில் சில மாதங்கள் தாய்லாந்தின் சியாங் மாயில். சுற்றுலாப் பயணியாக நுழைந்து மடிக்கணினியைத் திறப்பவர்கள் அங்கே நிறையப் பேர். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. 2024 ஜூலையில் தாய்லாந்து, என்னைப் போல் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களும் வாங்கக்கூடிய டிடிவி என்ற விசாவைக் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டு செல்லும், ஒரு நுழைவுக்கு 180 நாள் தங்கலாம். வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பையும் வெளிநாட்டு நிறுவனத்தின் கடிதத்தையும் காட்ட வேண்டும், உள்ளூர் நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது. விமான நிலையத்தில் என்ன வேலை என்று அதிகாரி கேட்டார். உள்ளதைச் சொன்னேன், முத்திரை குத்தி அனுப்பினார். பொய்யை நினைவில் வைத்துக்கொள்ளும் சிரமம் இல்லாததே பெரிய நிம்மதி.

விசா கையில் இருந்தால் வரியும் முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாள் ஆகிவிட்டால் அங்கே நீங்கள் வரிக்கு உட்பட்டவர். 2024 முதல் ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை அங்கே கொண்டுவந்தால் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். நான் அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறேன். மாசி, பங்குனியில் சியாங் மாய் முழுக்க எரிப்புப் புகை. அரூர் வெயிலே தேவலாம்.

காவேரிப்பட்டணம்:
எல்லோரும் வெளியே போன கதை சொல்கிறீர்கள். நான் நகரவே இல்லை. ஜெர்மன் நிறுவனத்துக்கு வீட்டு மாடியிலிருந்து வேலை. இந்தியக் குடிமகன் இங்கே உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு உழைப்பதற்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. அந்த நிறுவனத்துக்கு இங்கே பதிவு இல்லாததால் நான் ஊழியன் அல்ல, ஒப்பந்ததாரர். பி.எஃப். இல்லை, வரிப்பிடித்தமும் இல்லை. முன்கூட்டிய வரியை நானே கட்டுகிறேன்.

முதல் முறை யூரோ வந்தபோது வங்கியில் கூப்பிட்டார்கள். "மகன் அனுப்புகிறாரா?" என்று கேட்டார் அதிகாரி. எனக்குத் திருமணமே ஆகவில்லை. நம் பக்கம் வெளிநாட்டுப் பணம் என்றால் வளைகுடாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு வருவதுதான் என்பது அவர் கணக்கு. பணம் எதற்காக வந்தது என்று வங்கி ஒரு குறியீடு பதியும். அதில் குடும்பப் பராமரிப்பு என்று போட்டிருந்தார். விடாமல் நின்று, மென்பொருள் ஆலோசனைக்கான பி0802 என்று மாற்றச் சொன்னேன். குறியீடு தவறினால், சேவை ஏற்றுமதி என்று நாளை ஜிஎஸ்டி அலுவலகத்தில் நிரூபிக்க வழி இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தான், ஆனால் எல்யூடி என்ற உறுதிக் கடிதம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வரியைக் கட்டிவிட்டு, திரும்பக் கேட்டு அலைய வேண்டும். நிறுவனம் ஒரே ஒரு பங்கு கொடுத்தாலும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டிவிடுங்கள்.

தேன்கனிக்கோட்டை:
என் அக்கா மகள் அமெரிக்கக் குடிமகள். இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டையோடு பாட்டி வீட்டில் தங்கி அமெரிக்க நிறுவனத்துக்கே வேலை செய்கிறாள். வேலைக்குத் தடை இல்லை. பத்திரிகைத் தொழில் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும். ஒரு நிதியாண்டில் 182 நாள் ஆனதும் வருமான வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவர் ஆகிவிடுவாள் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். பாட்டி நாட்காட்டியில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். பேத்தி போகக் கூடாது என்பதற்காக.

ஊத்தங்கரை:
காவேரிப்பட்டணம் அண்ணா, அந்த எல்யூடியை ஒரு முறை கொடுத்தால் போதுமா?

காவேரிப்பட்டணம்:
போதாது தம்பி. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி-11 படிவம், அரசுக் கட்டணம் கிடையாது. ஏப்ரல் மாதத்தின் முதல் பில் போடும் முன் முடித்துவிடுங்கள்.