பெங்களூரு எஸ்.பி. ரோட்ல (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) "ஐ7" கம்ப்யூட்டர் செட் 22,000 ரூபாய், வாங்கலாமா?

கேஆர்புரம்_வாசகி:
பொண்ணு எட்டாவது படிக்கிறா. பைத்தான், ஆன்லைன் கிளாஸ், கொஞ்சம் தமிழ் டைப்பிங், கேம் கிடையாது. புது கேபினெட், ஐ7 (இன்டெல் சிப்), 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஸ்டோரேஜ்), 20 இன்ச் மானிட்டர் சேர்த்து 22,000னு ஒரு கடையில கொட்டேஷன் குடுத்திருக்காங்க. 40,000 வரைக்கும் போகலாம். வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, தனியா யுபிஎஸ் வேணுமா?

சால்டரிங்_மணி:
அட்வான்ஸ் குடுத்துடாதீங்க மேடம். ஐ7க்குப் பின்னாடி என்ன நம்பர்னு கேளுங்க. 3770ன்னா 2012ல வந்த சிப், 4770ன்னா 2013. கேபினெட் மட்டும்தான் புதுசு. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் முறையான ஆதரவு, இதெல்லாம் மூணாவது, நாலாவது. கடையில எப்படியாவது ஏத்திக் குடுத்துடுவாங்க, ஓடும். ஆனா பெரிய அப்டேட் தானா வராது. விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னாச்சு.

3770க்குப் பெரும்பாலும் ஹெச்61 மதர்போர்டுதான் போடுவாங்க. டிடிஆர்3 (பழைய வகை) ரேம், 16 ஜிபிக்கு மேல ஏறாது, பழைய போர்டுன்னா என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) ஸ்லாட்டும் பெரும்பாலும் இருக்காது.

உங்க வேலைக்கு ஐ3-12100 தாராளம். ஹெச்610 போர்டு, 8 ஜிபி ரேம் ரெண்டு, 500 ஜிபி என்விஎம்இ. 12100எஃப் வேண்டாம், அதுல படம் காட்டுற கிராபிக்ஸ் உள்ளேயே கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம படமே வராது. ஹெச்610 போர்டு டிடிஆர்4, டிடிஆர்5னு ரெண்டு விதமா வருது. ஒண்ணோட ரேம் இன்னொண்ணுல உட்காராது, நடுவுல இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும். பட்ஜெட் இடிச்சா இப்போதைக்கு ஒரு 8 ஜிபி போதும், இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கட்டும்.

எஸ்எம்பிஎஸ்ல (கேபினெட்டுக்குள்ள பவர் குடுக்குற பெட்டி) மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. கேபினெட்டோட சும்மா வர்றதுல 500 வாட்னு பெரிசா ஒட்டியிருக்கும். பக்கத்துல பொடி எழுத்துல +12வி, 14ஏன்னு (வோல்ட், ஆம்பியர்) இருந்தா பெருக்கிப் பாருங்க, 168 வாட்தான். சிப்புக்குப் போறது அந்த 12 வோல்ட்தான்.

ஹெப்பால்_எலக்ட்ரீஷியன்:
இன்வெர்ட்டர் சைன் வேவா (லைன் கரண்ட் மாதிரி சீரா வர்றது), ஸ்கொயர் வேவா? சைன் வேவ்னா யுபிஎஸ் தேவைப்படாது. பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் மோடுல போடுங்க. மத்த மோடுல கரண்ட் மாறுறதுக்கு நேரம் கூடும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே சுமார் 16 மில்லி செகண்ட்தான் தாங்கும், அதுக்குள்ள வரலைன்னா ரீஸ்டார்ட் ஆயிடும். ஸ்கொயர் வேவ்னா 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு வாங்கிடுங்க.

எர்த்தையும் பாத்துடுங்க. கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு இருந்தா எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் ஃபில்டர்ல கசியற கரண்ட் போக வழியில்லாம பாடியிலயே நிக்கும். பிளக் பாயிண்ட்ல ஃபேஸுக்கும் (கரண்ட் வர்ற வயர்) எர்த்துக்கும் நடுவுல மல்டிமீட்டர்ல 230 வோல்ட் பக்கம் காட்டணும்.

கேஆர்புரம்_வாசகி:
கேட்டுட்டேன், 3770தான். வேண்டாம்னு சொல்லியாச்சு. சனிக்கிழமை போறோம். கடையிலயே என்ன செக் பண்ணணும்?

சால்டரிங்_மணி:
நல்ல வேளை. சிபியு, எஸ்எஸ்டி பாக்ஸ் உங்க முன்னாடி பிரிக்கணும். அசெம்பிள் ஆனதும் டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் திறந்தா சிப் பேரும் எத்தனை ரேம் ஸ்லாட் ஓடுதுன்னும் தெரியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல (டிஸ்க்கோட நிலையைக் காட்டுற சாஃப்ட்வேர்) எஸ்எஸ்டி ஓடின மணி நேரம் ஒண்ணு ரெண்டுக்கு மேல காட்டினா மாத்தித் தரச் சொல்லுங்க. ஜிஎஸ்டி பில்லுல ஒவ்வொரு பார்ட்டுக்கும் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க. "கம்ப்யூட்டர் செட் 1"னு ஒரே வரியில பில் போட்டா, ரெண்டாவது வருஷம் எஸ்எஸ்டி போகும்போது கம்பெனி வாரண்டி கேட்கக் கையில ஒண்ணும் இருக்காது.