சிரோசிஸ் நோயாளிக்கு வைட்டமின் டி 9: ஏற்றினால் தொற்று நிற்குமா?

தண்டையார்பேட்டை_மருமகன்:
மாமனாருக்கு 58 வயது, சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்), வயிற்றில் நீர். நீர் மாத்திரைகள் ஸ்பைரனோலாக்டோன் 100, லாசிக்ஸ் 40 ஓடுகிறது. ரத்தத்தில் வைட்டமின் டி அளவைக் காட்டும் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி பார்த்ததில் மில்லிக்கு 9 நானோகிராம். டாக்டர் வாரம் 60,000 யூனிட் மாத்திரை எழுதியிருக்கிறார். 6 லட்சம் ஊசியாகவே போட்டால் ஒரே வேலை என்கிறார்கள் சிலர். எது சரி? அடிக்கடி வரும் தொற்று குறையுமா? மீன், வெயில் உதவுமா?

மருந்தாளர்_பழைய வண்ணை:
ஊசி வேண்டாம் சார். சிரோசிஸில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் இறங்கி, உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறியிருக்கும். தசையில் குத்திய இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். 6 லட்சம் உள்ளே போன பிறகு கால்சியம் ஏறினால் திருப்பி எடுக்கவும் வழியில்லை.

வாரம் ஒன்று, 8 வாரம் என்பதே வழக்கமான கணக்கு. வீட்டில் நடக்கும் பெரிய தவறு, மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினமும் கொடுத்துவிடுவது. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வட்டமிடுங்கள். கால்சியம் ஏறினால் வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், மனக்குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தை ஈரல் மயக்கம் (ஈரல் கெட்டதால் மூளை குழம்புவது) என்று நினைத்து, அதற்குக் கொடுக்கும் லாக்டுலோஸ் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். கால்சியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொழுப்பில் கரையும் மருந்து இது, வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. மதியச் சாப்பாட்டோடு கொடுங்கள். அரிப்புக்குக் கொலஸ்டைரமின் பொடி குடிப்பவர் என்றால் வைட்டமினை முதலில் விழுங்கி, 4 மணி நேரம் கழித்துப் பொடி.

ஈரல்_வாசகர்:
காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தோலில் உருவாகும் டி3-ஐ 25 ஹைட்ராக்ஸியாக மாற்றுவது ஈரல். ரத்தத்தில் அதைச் சுமந்து செல்லும் புரதத்தைச் செய்வதும் ஈரல்தான். பித்தம் குறைந்தால் குடலும் சரியாக உறிஞ்சாது. சுமக்கும் புரதமே குறைவு என்பதால் ரிப்போர்ட்டில் தெரியும் 9 உண்மை நிலையைவிடச் சற்று மோசமாகக் காட்டக்கூடும்; ஆனாலும் 20-க்குக் கீழே இருப்பதால் சிகிச்சை தேவைதான்.

தொற்றுக்கு வருவோம். கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல், கிருமியைக் கண்டதும் 25 ஹைட்ராக்ஸியைத் தனக்குள்ளேயே செயல் வடிவமாக்கி, கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கிறது. மூலப்பொருள் இல்லையென்றால் சுரப்பும் குறையும். டி குறைந்த சிரோசிஸ் நோயாளிகளுக்குத் தொற்று அதிகம் என்பதும் உண்மை. அதற்காக டி ஏற்றினால் தொற்று நிற்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நிரூபணமாகவில்லை. ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு டி இறங்கும், அவ்வளவு தொற்றும் கூடும்; அதாவது இரண்டுக்கும் காரணம் ஈரலாகவே இருக்கலாம். எலும்புக்காகக் கட்டாயம் கொடுங்கள். தொற்றைத் தடுக்க நிமோனியா தடுப்பூசி, வருடாவருடம் ஃப்ளூ ஊசி, எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் ஹெபடைடிஸ் பி ஊசி: இவற்றைத் தள்ளிப்போடவே கூடாது.

காசிமேடு_கரை:
மீனில் கவலை, மத்தி, கானாங்கத்த மூன்றும் நல்லது. குழம்பில் உப்பைப் பாதியாக்குங்கள். நீர் கோத்தவருக்குக் கருவாடு ஆகவே ஆகாது. இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: கையில் கீறலோடு நண்டு, இறால் சுத்தம் செய்ய விடாதீர்கள். கால் புண்ணோடு எண்ணூர் முகத்துவாரத் தண்ணீரில் இறங்கவும் விடாதீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் கிருமி ஈரல் நோயாளியின் ரத்தத்தில் ஏறினால் உயிரை எடுத்துவிடும். சிப்பி, மட்டி எதுவானாலும் நன்றாக வெந்திருக்க வேண்டும்.

வெயில் என்றால் 11 முதல் 2 மணிக்குள், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, கை கால் படும்படி 20 நிமிடம். கத்திரியில் வேண்டாம். நீர் மாத்திரையோடு உடம்பும் வற்றினால், கிட்னி பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும்.

தண்டையார்பேட்டை_மருமகன்:
ரொம்ப நன்றி. காய்ச்சல் வந்தால் வயிற்று நீரில் தொற்று என்று எப்படித் தெரியும்?

ஈரல்_வாசகர்:
வெளியிலிருந்து தெரியாது. காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமாகவோ சிறுநீர் குறைவாகவோ தொடங்கலாம். அன்றைக்கே ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 250-ம் அதற்கு மேலும் இருந்தால் தொற்று. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வரும்வரை காத்திராமல் மருந்து தொடங்குவார்கள். கல்ச்சருக்கு 10 மில்லியைப் படுக்கை அருகிலேயே பிளட் கல்ச்சர் பாட்டிலில் விட்டால் கிருமி பிடிபடும் வாய்ப்பு அதிகம். போகும் வழியில் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் கூடாது, கிட்னியை அடிக்கும்.