மழை நின்ற பிறகும் ஆற்றில் ஓடும் தண்ணீர்: ஒரு சொல் வேண்டும், அவசரம்

பென்னாகரம் ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகள் கேட்ட கேள்விகளையே தொகுத்து, தண்ணீரைப் பற்றி 24 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம். வெள்ளிக்கிழமை காலை தருமபுரி அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பையன் கேட்டது இது: "மூணு மாசமா மழையே இல்ல டீச்சர். ஆத்துல தண்ணி மட்டும் எங்கிருந்து வருது?"

பதில் எழுதிவிட்டேன். பெய்கிற மழையில் ஒரு பங்கு தரைமேல் ஓடி உடனே ஆற்றில் சேர்கிறது. இன்னொரு பங்கு மண்ணுக்குள் இறங்கித் தங்குகிறது. அது மெல்ல மெல்லக் கரையிலும் படுகையிலும் கசிந்து ஆற்றுக்கு வருகிறது. மழை விட்டு வாரக்கணக்கில் ஆறு ஓடுவது இந்தத் தண்ணீரால்தான். ஆங்கிலத்தில் பேஸ் ஃப்ளோ என்கிறார்கள். தமிழில் 'அடிநீரோட்டம்' என்று போட்டேன். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "ஆத்துக்கு அடியில ஓடுற தண்ணியாம்மா?" என்று கேட்டார். அவருக்கே அப்படிப் பட்டால் பிள்ளைகளுக்கு?

வியாழன் இரவுக்குள் யாராவது கைகொடுங்கள்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்:

தலைமையாசிரியர் கேட்டது சரி. பேஸ் என்பதை அடி என்று பெயர்த்ததில் வந்த வினை. அங்கே பேஸ் என்றால் ஆற்றின் அடிப்பாகம் இல்லை. நீர்வரத்தை நாள்தோறும் குறித்துக் கோடு போட்டுப் பார்த்தால், மழைக்கு மழை ஒரு கூம்பு எழும்பி இறங்கும். கூம்புகளுக்குக் கீழே, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு தாழ்ந்த பட்டை தொடர்ந்து போகும். அந்தப் பட்டைதான் இது. படத்தில் கீழே இருப்பதால் அந்தப் பெயர். ஆற்றில் அது மேலும் இல்லை, கீழும் இல்லை. வெள்ளத்தோடு கலந்தே ஓடுகிறது. ஆகவே எங்கே ஓடுகிறது என்பதைச் சொல்லாமல், எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும் சொல்லாகப் பாருங்கள்.

தவிர, அடிநீரோட்டம் என்பதைத் தேர்தல் சமயத்தில் டி.வி.க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இனித் திருப்பித் தர மாட்டார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி விவசாயி:

நீரோட்டம்னு எதுல முடிச்சாலும் எங்க பக்கம் ஒரே அர்த்தம்தான். வேப்பங்குச்சியோ தேங்காயோ கையில வச்சுக்கிட்டு நிலத்துல நடப்பாங்களே, அதுதான் நீரோட்டம் பாக்கறது. எனக்கு மூணு இடத்துல பாத்துக் குடுத்தாங்க. ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் வந்துச்சு. அந்தச் சொல்ல மட்டும் புள்ளைங்களுக்கு வேணாம்.

நல்ல கிணத்தப் பாத்தா நாங்க "சுரப்பு இருக்குது"ம்போம். இறைக்க இறைக்க ஊறி வர்றது. சுரப்புன்னே வைக்கலாமே?

பென்னாகரம் ஆசிரியை:

சுரப்பு அழகாக இருக்கிறது அண்ணா. ஆனால் அடுத்த பாடமே சுரப்பிகள். கணையத்தையும் காவிரியையும் சேர்த்துப் படம் வரைந்துவிடுவார்கள்.

காரிமங்கலம் புலவர்:

அன்பு மகளுக்கும் அவையோர்க்கும் வணக்கம். ஈராயிரம் ஆண்டு மொழியை வைத்துக்கொண்டு சொல்லுக்குத் திண்டாடுகிறோமே என்று இரவெல்லாம் உறக்கமில்லை. சொல் நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது. நல்வழியைத் திறந்து பாருங்கள்:

"ஆற்றுப் பெருக்கற் றடிசுடுமந் நாளுமவ்வாறு
ஊற்றுப் பெருக்கால் உலகூட்டும்"

ஆற்றில் வெள்ளம் அற்று, மணல் காலடியைச் சுடுகிற நாளிலும் அந்த ஆறு ஊற்றுநீரால் உலகை ஊட்டுகிறது. ஆற்றுப்பெருக்கு, ஊற்றுப்பெருக்கு! பொறியாளர் ஐயா சொன்ன கூம்பும் பட்டையும் எதுகையோடு நிற்கின்றன. பாடியவர் யார்? நம் தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவை. நம் மண்ணின் சொல்லை நம் மண்ணின் பிள்ளைகளுக்குக் கொடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

மேலும் ஒன்று. ஊறு என்னும் வேர் சாதாரணமானதன்று. ஊறு, ஊறல், ஊற்று, ஊறுகாய். "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்று குறள் நீரையும் அறிவையும் ஒரே வினையால் கட்டுகிறது. அவ்வளவு ஏன், 'ஊர்' என்பதே நீர் ஊறிய இடம் என்பது என் நாற்பதாண்டுக் கருத்து. நீர் ஊறாத இடத்தில் எவன் குடியேறுவான்? ஊர்தல், ஊர்வலம், ஊர்தி எல்லாம் நீர் மெல்லப் பரவுவதைக் கண்டு பிறந்தவையே. இதுபற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.

அரூர், பத்திரிகையில் இருப்பவர்:

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். இரண்டு சில்லறைத் திருத்தம்.

நல்வழி பாடிய ஔவை பிற்காலத்தவர். நெல்லிக்கனி வாங்கிய ஔவை சங்க காலத்தவர். நடுவில் பல நூற்றாண்டு. தகடூர்ப் பெருமைக்குக் குறையில்லை, கணக்கு மட்டும் தப்பு.

ஊர் இடையின ரகரம், ஊறு வல்லின றகரம். ஒலியை நம் வாய் மறந்தாலும் இலக்கணம் மறக்கலாகாது.

ஊறல் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். நான் செய்தி எழுதுகிறவன். இந்த இரண்டு மாவட்டத்திலும் 'ஊறல்' என்றால் குடத்திலோ பேரலிலோ போட்டுப் புதைத்து வைக்கிற சாராய ஊறல்தான். "மலையடிவாரத்தில் ஊறல் அழிப்பு" என்று எத்தனை தலைப்பு போட்டிருக்கிறேன்! 'ஊறலால் ஓடும் ஆறு' என்று ஏழாம் வகுப்புக்கு அச்சடித்தால் முதல் பிரதி காவல் நிலையத்துக்குத்தான் போகும்.

காரிமங்கலம் புலவர்:

காலக் கணக்கை ஏற்கிறேன். றகரத்தை ஏற்கவில்லை. ஒருகாலத்தில் இரண்டும் ஒன்றாயிருந்து பிரிந்திருக்கக் கூடாதா?

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்:

ஐயா, பிரிந்திருந்தால் பக்கத்து மொழிகளில் தடம் இருக்க வேண்டுமே. எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். ஊற்றுக்குத் தெலுங்கில் 'ஊட்ட'. ஊருக்கு 'ஊரு'. குழம்பவே இல்லை. கன்னடத்தில் மணலைத் தோண்டினால் கசிந்து வருகிறதை 'ஒரத்தெ' என்கிறார்கள். ஒகேனக்கல்லே கன்னடப் பெயர்தான். நம் புகை அவர்கள் வாயில் ஹொகெ. புகைக்கல். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் சொல்லின் முதல் பகரம் ஆவியாகிவிடுகிறது.

என் ஓட்டு 'ஒழுக்கு'. கசிவொழுக்கு அல்லது ஊற்றொழுக்கு. ஒழுகுதல் என்றால் இடைவிடாமல், மெல்ல ஓடுதல். ஒழுக்கம் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதானே.

பாப்பிரெட்டிப்பட்டி விவசாயி:

ஒழுக்குன்னா கூரை ஒழுக்கு. மழை வந்தாத்தான் ஒழுகும். நீங்க கேக்கறது மழை இல்லாதப்ப வர்றதுக்கு.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்:

விவசாயி ஐயா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஊற்றுப்பெருக்கு பற்றி என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். பாட்டு அருமை. ஆனால் அதில் வருவது பேஸ் ஃப்ளோ அன்று. 'அடி சுடும்' என்றால் மேலே தண்ணீர் இல்லை. மணல் காய்ந்து கிடக்கிறது. மக்கள் மணலில் குழி பறித்து எடுக்கிறார்கள். அது படுகைக்குள் நிற்கிற நீர். நாம் பெயர் தேடுவது ஆற்றுக்குள் வெளிப்பட்டு ஓடுகிற நீருக்கு. ஔவை காட்டுவது இந்த ஓட்டம் நின்றுபோன நாளை. இன்னொன்று, பெருக்கு என்றால் பிள்ளைகளுக்கு ஆடிப்பெருக்கு. புரண்டு வரும் புதுவெள்ளத்தின் பெயரை ஆற்றின் மிக மெலிந்த ஓட்டத்துக்கு வைப்பதா?

டீச்சருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பையன் எந்த ஆற்றைப் பார்த்துக் கேட்டான்? ஒகேனக்கல் என்றால் உங்கள் பதில் பாதிதான் சரி. கோடையில் அங்கே வரும் தண்ணீர் வெறும் கசிவு இல்லை. மேலே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்பின்படி, எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும். அதில் பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் சேரும் தண்ணீர். அப்படிப் பார்த்தால் 2.5 டி.எம்.சி. என்பது மாதம் முழுக்க வினாடிக்கு ஏறத்தாழ 960 கன அடி. அணைகளுக்குக் கீழே சிம்ஷா, அர்க்காவதி ஆறுகள் கொண்டுவருவதும் இந்தக் கணக்கில் சேரும். பாதி இயற்கை, பாதி ஷட்டர்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்:

அப்படியானால் மே மாதக் காவிரிக்குத் 'தீர்ப்போட்டம்' என்று பெயர் வைக்கலாம்.

தென்பெண்ணை இன்னும் மோசம். நந்தி மலைப் பக்கம் பிறந்து வருகிறது என்று படித்தோம். பெங்களூரு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிகாலும் அதில்தான் விழுகிறது. மழையில்லாத நாளில் கெலவரப்பள்ளிக்கு வருவதில் பெரும்பகுதி பெங்களூரு குளித்துத் துவைத்த தண்ணீர்தான் என்பதை அணையில் நிற்கும் நுரையே சொல்லும். கோடையிலும் ஆறு ஓடுகிறது என்று சந்தோஷப்பட முடியவில்லை. அதற்கும் இதே பெயரா?

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்:

கூடாது. அதனால்தான் கோடையோட்டம், வற்றாவோட்டம் என்று யாராவது கொண்டுவந்தால் தடுக்க நினைத்தேன். காலத்தை வைத்துப் பெயரிட்டால் சாக்கடையும் உள்ளே வந்துவிடும். நிலத்திலிருந்து கசிந்தது என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும். கசிவோட்டம். முடிந்தது.

பாப்பிரெட்டிப்பட்டி விவசாயி:

கசிவுன்னா எங்களுக்கு அணையில ஓட்டை, வாய்க்கால்ல ஓட்டை. பொதுப்பணித்துறைல இருந்தவருக்கே இது தெரியாதா சார்?

அரூர், பத்திரிகையில் இருப்பவர்:

நேற்றிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். பேஸ் ஃப்ளோ என்றே தமிழ் எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையில் ஷட்டர் உடைந்தபோது கரையோரத்தில் எல்லாரும் ஷட்டர் என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் எழுதினேன். 'மதகின் அடைப்புப் பலகை சிதைந்தது' என்று எழுதியிருந்தால் ஆற்றோரம் கட்டிய மாட்டை அவிழ்க்க யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று, காலத்தோடு வந்து சேரும் சொல்லைத் தள்ள வேண்டியதில்லை எனத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார்.

காரிமங்கலம் புலவர்:

தொல்காப்பியர் பெயரைச் சொல்லிக் கதவைத் திறந்துவிடுகிறவர்கள் "வடவெழுத்து ஒரீஇ" என்று வட எழுத்தை விலக்கச் சொன்ன இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். வருகிற சொல் நம் எழுத்துக்கு அடங்கி வர வேண்டும். ஃப்ளோ என்பதில் ஆய்தத்தை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்? முன்னே குறிலில்லை, பின்னே வல்லின உயிர்மெய்யுமில்லை. மூன்று புள்ளியையும் வழிப்போக்கனைப் போல வாசலில் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

ஷட்டர் வீதியில் பிறந்த சொல். மக்கள் கொண்டுவந்தார்கள், நான் மறுக்கவில்லை. பேஸ் ஃப்ளோவை எந்த மக்கள் கொண்டுவந்தார்கள்? இன்னும் எவர் வாயிலும் ஏறாத சொல்லுக்கு ஏன் இந்த இரக்கம்? காலியாக இருக்கும் நாற்காலியில் நம் பிள்ளையை உட்காரவைக்கலாமே.

பென்னாகரம் ஆசிரியை:

ஐயா சொன்ன நாற்காலி எனக்குப் பிடித்திருக்கிறது. நேரம்தான் இல்லை. இன்று வகுப்பிலேயே ஒரு சோதனை செய்தேன். கரும்பலகையில் எதுவும் எழுதாமல், சொற்களை மட்டும் சொல்லி, "கேட்டதும் என்ன தோணுது?" என்றேன்.

கசிவோட்டம் என்றதும் மூன்று பேர் குழாய் வரைந்தார்கள், ஒருத்தி தண்ணீர் டேங்க். ஊற்றுப்பெருக்கு என்றதும் எல்லாரும் அருவி. ஊற்றோட்டம் என்று நானாகக் கூட்டிச் சொன்னது, அதற்கு ஒரு பையன் மட்டும் "எந்தத் தோட்டம் டீச்சர்?" என்றான். மற்றவர்கள் பாறையிடுக்கில் ஊறி ஆற்றில் சேர்கிற மாதிரி வரைந்தார்கள். பலகையில் எழுதிக் காட்டியதும் தோட்டம் கேட்டவனும் சிரித்துவிட்டான்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்:

ஊற்று என்றால் ஓரிடத்தில் கண் திறந்து பொங்குவது. இது கரை நெடுகப் பரவலாக வருவது. நம் கருங்கல் பூமியில் கண்ணுக்கே தெரியாது. மேலே சிதைந்த பாறையில் கொஞ்சம், கீழே வெடிப்புகளில் கொஞ்சம், அவ்வளவுதான் சேமிப்பு. சொல் தவறான படத்தைக் கொடுக்கிறது.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்:

சார், மழை மேகத்தைக் கார் என்றார்கள். கார் என்றால் கறுப்பு. வெளுத்த மேகமும் சில சமயம் பெய்கிறது. சொல் இவ்வளவு தூரம் வந்தால் போதாதா?

பாப்பிரெட்டிப்பட்டி விவசாயி:

ஊத்தோட்டம்னா எனக்குப் புரியுது. என் கிணத்துல ஊத்துக்கண் அடைஞ்ச வருஷந்தான் பக்கத்து ஓடையும் நின்னுச்சு. ரெண்டும் ஒரே தண்ணின்னு அப்பத்தான் தெரிஞ்சுது. இதையும் புஸ்தகத்துல ஒரு வரி எழுதும்மா.

அரூர், பத்திரிகையில் இருப்பவர்:

ஊற்றோட்டம். எனக்கும் தூக்கம் வருகிறது.

காரிமங்கலம் புலவர்:

ஊற்றுப்பெருக்கே சரியென்பது என் கருத்து. ஓட்டம் என்பது குதிரைக்கு. ஆனாலும் ஊற்று நின்றது, அதுவரை மகிழ்ச்சி.

பென்னாகரம் ஆசிரியை:

இன்று காலை கொடுத்துவிட்டேன். 'ஊற்றோட்டம்' என்று போட்டு, பக்கத்திலேயே "மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் கசிந்து ஆற்றுக்கு வருவது" என்று விளக்கம். கசிவு உள்ளே வந்துவிட்டது பொறியாளர் சார், கோபம் வேண்டாம். பாப்பிரெட்டிப்பட்டி அண்ணன் சொன்ன கிணறும் ஓடையும் பதினோராம் பக்கத்தில். ஒகேனக்கல் தண்ணீர் பாதி அணையிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தேன். அந்தப் பையன் கொஞ்சம் ஏமாந்துபோனான்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்:

கோபமில்லை அம்மா. ஒரு பிரதி அனுப்புங்கள். பதினோராம் பக்கத்தில் மட்டும் பென்சிலால் திருத்தி வைத்துக்கொள்கிறேன்.

பென்னாகரம் ஆசிரியை:

அச்சகத்தில் பதிமூன்றாம் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு இடம் விட்டு வந்திருக்கிறேன். இதற்கு நேர்மாறானது: நிலத்தடி நீர்மட்டம் இறங்கிப்போய், ஆற்றில் வரும் தண்ணீரே படுகை வழியாக உள்ளே போய்விடுவது. செவ்வாய் வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

காரிமங்கலம் புலவர்:

செவ்வாய் போதாது மகளே. 'வற்று' என்னும் வேரிலிருந்து தொடங்க வேண்டும்.