இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே: அயல்நாட்டு மாணவர்கள் வேலை தேடிய அனுபவங்கள்

அமெரிக்கா, தரவு அறிவியல் முதுகலை

அயல்நாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இரண்டு அலுவலகங்கள் இருக்கின்றன. ஒன்று வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம். மற்றொன்று விசா விவகாரங்களைக் கவனிக்கும் சர்வதேச மாணவர் அலுவலகம். முன்னதில் உள்ளவர்கள் விசாவைப் பற்றிப் பேசத் தயங்குவார்கள். பின்னதில் உள்ளவர்கள் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல மாட்டார்கள். இதை அலட்சியம் என்று சொல்வது நியாயமாகாது. விசா குறித்துத் தவறாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் மாணவரின் தங்கும் உரிமைக்கே ஆபத்து வரக்கூடும் என்பதால், அதற்கான பொறுப்பில் நியமிக்கப்பட்ட அதிகாரியைத் தவிர வேறு எவரும் அதில் தலையிடுவதில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு வேலையும் விசாவும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் மாணவரே என்பதை விளக்கத்தான் என் அனுபவத்தை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைக் கீழே பதிலாக எழுதுங்கள்.

என் வேலைவாய்ப்பு ஆலோசகர் நல்ல உழைப்பாளி. நான் கொண்டுபோன ரெஸ்யூமைப் பார்த்தவுடன் புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை ஆகிய மூன்றையும் பேனாவால் அடித்துவிட்டு, அவை அந்நாட்டில் வேலை கொடுப்பவர் பார்க்கவே விரும்பாத விவரங்கள் என்றார். பிறகு, "குழுவில் பங்கேற்றேன்" என்று நான் எழுதியிருந்த ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி இட்டு, அந்தக் குழுவில் நான் செய்தது என்ன, அதனால் என்ன மாறியது என்று கேட்டுக்கொண்டே போனார். அடக்கமாக எழுதுவதே பண்பு என்று வளர்ந்தவர்களுக்கு இது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். எனினும் அவர் கேட்டது தற்பெருமையை அல்ல, தகவலை என்பது இரண்டாவது பக்கத்துக்கு வருவதற்குள் புரிந்துவிட்டது.

இதற்குப் பின் வந்த வேலைவாய்ப்பு முகாமில்தான் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரிந்தது. ஒரு நிறுவனத்தின் மேசையில் இருந்த அலுவலர் ஐந்து நிமிடம் ஆர்வமாகப் பேசிவிட்டு, "இப்போதோ எதிர்காலத்திலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர் தேவைப்படுமா?" என்று கேட்டார். எனக்காக நிறுவனம் விசா கோரி விண்ணப்பிக்க வேண்டியிருக்குமா என்பதே இதன் பொருள். இணையவழி விண்ணப்பங்களிலும் அநேகமாக இதே சொற்களில் வரும் கேள்வி இது. "ஆம்" என்றேன், எதிர்காலம் என்ற சொல் கேள்விக்குள்ளேயே இருக்கும்போது வேறு பதில் சொல்வது பொய்யாகும். அவர் முகம் மாறியது. அப்போது நான் சேர்த்துச் சொன்ன இன்னொரு வாக்கியம்தான் உரையாடலைக் காப்பாற்றியது: படிப்பு முடிந்தபின் 12 மாதங்களும், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைப் பட்டம் என்பதால் கூடுதலாக 24 மாதங்களும், நிறுவனம் எச்-1பி என்னும் வேலை விசாவுக்கு விண்ணப்பம் எதுவும் போடாமலேயே என்னால் வேலை செய்ய முடியும் என்றேன். ஓபிடி எனப்படும் இந்த ஏற்பாட்டை அவர் கேள்விப்பட்டிருந்தாரே தவிர, அது மொத்தம் 36 மாதங்கள் வரை நீளும் என்பதை அறிந்திருக்கவில்லை. முகாமுக்கு வருபவர்களில் பலர் குடிவரவுச் சட்டம் படித்தவர்கள் அல்லர். அதை அவர்களுக்கு இரண்டே வாக்கியங்களில் விளக்கும் வேலை நம்முடையதாகிவிடுகிறது.

அந்த 24 மாத நீட்டிப்புக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வேலை கொடுப்பவர் பணியாளரின் வேலை உரிமையைச் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை என்னும் அரசு முறையில் பதிவு செய்திருக்க வேண்டும். மாணவரும் நிறுவனமும் சேர்ந்து ஐ-983 என்னும் பயிற்சித் திட்டப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சிறு நிறுவனங்கள் பல ஈ-வெரிஃபையில் பதிவு செய்திருப்பதில்லை. நேர்காணலின் இறுதியில் "உங்களுக்கு ஏதேனும் கேள்வி உண்டா?" என்று கேட்கும்போது இதைக் கேட்பது பொருத்தமாக இருக்கும், வேலைக்கான கடிதம் கைக்கு வந்த பிறகு கேட்டால் பல மாத உழைப்பு வீணாகலாம்.

தேதிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டு அலுவலகங்களின் வேலையும் அங்கேதான் ஒன்றுடன் ஒன்று மோதுகிறது. ஓபிடிக்குப் படிப்பு முடியும் நாளுக்கு 90 நாட்களுக்கு முன்பிலிருந்து, முடிந்த பின் 60 நாட்கள் வரை விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியின் தொடக்க நாளையும் அந்த 60 நாட்களுக்குள் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்கக்கூடிய நாட்கள் மொத்தம் 90 மட்டுமே. அந்த எண்ணிக்கை அனுமதி தொடங்கியதிலிருந்து ஓட ஆரம்பிக்கும். ஆகவே கையில் வேலை இல்லாதவர் தொடக்க நாளைத் தள்ளி வைப்பது அவருக்கு நல்லது. வேலை உறுதியானவர் தள்ளி வைத்தால் சேர வேண்டிய நாளில் சேர முடியாமல் போகும். எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது என்பது விசா அலுவலகத்தில் நிரப்பும் படிவத்தில் உள்ள ஒரு கட்டம்தான். அதற்கான பதிலோ வேலைவாய்ப்பு மையத்தில், நேர்காணல்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதில் இருக்கிறது. நான் எனக்கு நிலுவையிலிருந்த நேர்காணல்களின் பட்டியலை எடுத்துக்கொண்டுபோய் விசா அதிகாரியின் எதிரிலேயே தேதியை முடிவு செய்தேன். அவர் எந்தத் தேதி நல்லது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் என்ன விளைவு என்பதை மட்டும் பொறுமையாகச் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது.

ஜெர்மனி, இயந்திரப் பொறியியல் முதுகலை

மேலே எழுதிய நண்பர் குறிப்பிடும் இடைவெளி இங்கேயும் உண்டு. ஆனால் இங்கே அதன் நடுவில் நிற்பது விசா அல்ல, மொழி. சட்டம் இந்நாட்டில் மாணவருக்குத் தாராளமானது என்றே சொல்வேன். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். அதற்கு முன் இது 120, 240 என்று இருந்தது. பேராசிரியரின் கீழ் மாணவ உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. படிப்பு முடிந்தபின் தகுதிக்கேற்ற வேலை தேட 18 மாதங்கள் வரை அனுமதி கிடைக்கும். அந்தக் காலத்தில் பிழைப்புக்காக எந்த வேலையும் செய்யலாம்.

இவ்வளவு தாராளத்தைப் பார்த்துவிட்டு, பாடங்கள் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடக்கும் படிப்பில் சேர்ந்த பலர் ஜெர்மன் மொழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வேலைவாய்ப்பு முகாமில் நான் சந்தித்த பிரிவு மேலாளர் என்னிடம் நல்ல ஆங்கிலத்தில் அரை மணி நேரம் பேசினார். என் ஆய்வுத் திட்டத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். முடிவில், "எங்கள் குழுவில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் உற்பத்திக் கூடத்தில் இயந்திரம் நின்றுவிட்டால் நீங்கள் பேச வேண்டியவர் ஆங்கிலம் பேச மாட்டார்," என்றார். வேலைவாய்ப்பு மையத்தின் எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக இதை நான் படித்ததில்லை. ஜெர்மன் மொழியில் பி2 என்னும் மேல்-இடைநிலைத் தேர்ச்சியை எட்டிய பின் மீண்டும் அவருக்கே ஜெர்மன் மொழியில் எழுதினேன். பகுதிநேர மாணவப் பணியாளராகச் சேர்த்துக்கொண்டார். பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள் இருந்தால் மாணவருக்கான காப்பீட்டுச் சலுகை தொடரும் என்பதால் நிறுவனங்களும் அந்த எல்லைக்குள்ளேயே நேரத்தை அமைக்கின்றன. முதுகலை ஆய்வேட்டை அதே நிறுவனத்தில் எழுதினேன். பொறியியல் துறையில் நிரந்தர வேலைக்குப் போகும் வழக்கமான பாதை இதுதான். விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பது அதற்கு அடுத்த வழி.

ஒரு சிறு குறிப்பு. தங்கும் அனுமதி முடிவதற்கு முன்பாகவே அடுத்த அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பெரிய நகரங்களில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகிறது. இதை வேலைவாய்ப்பு மையத்தில் எவரும் நினைவூட்ட மாட்டார்கள்.

பிரிட்டன், நிதியியல் முதுகலை

ஓராண்டு முதுகலைப் படிப்பின் சிக்கலை இங்கே யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். பிரிட்டனில் பெரிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளை எடுக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விண்ணப்பம் பெறத் தொடங்குகின்றன. நிதித்துறையில் இன்னும் முன்பாகவே திறந்து, இடம் நிரம்பியவுடன் மூடிவிடுவதும் உண்டு. அதாவது மாணவர் விமானத்திலிருந்து இறங்கி, வீடு தேடி, வங்கிக் கணக்கு திறந்துகொண்டிருக்கும் அதே வாரங்களில், அடுத்த ஆண்டு வேலைக்கான கதவும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. ஆய்வேட்டை முடித்துவிட்டு வேலை தேடலாம் என்று நினைப்பவருக்கு ஒரு முழுச் சுற்று கைநழுவிப் போய்விடுகிறது.

என் பல்கலைக்கழக ஆலோசகர் வரவேற்பு வாரத்திலேயே எங்களை உட்காரவைத்து இதைச் சொன்னார். கூடவே, ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை உள்துறை அமைச்சகமே பொதுவில் வெளியிடுகிறது என்பதையும், அதைப் பதிவிறக்கிக்கொண்டு அதில் உள்ள நிறுவனங்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்பதையும் காட்டிக் கொடுத்தார். உரிமம் இருப்பதாலேயே ஒவ்வொரு பணிக்கும் ஸ்பான்சர் செய்வார்கள் என்று பொருள் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத நிறுவனம் உங்களுக்காக முதலில் உரிமம் பெற வேண்டியிருக்கும் என்பதால், தேடலை எங்கே குவிப்பது என்பது தெளிவாகிவிடுகிறது.

படிப்புக்குப் பின் வேலை செய்ய அனுமதிக்கும் கிராஜுவேட் விசா 2021 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அது இரண்டு ஆண்டுகளுக்கு, முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு என்று இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதங்களாகக் குறைகிறது. இந்தக் காலம் இருப்பதால் ஸ்பான்சர் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். நான் வேறுவிதமாகவே பார்க்கிறேன். மாணவர் விசாவிலிருந்து நேராகத் திறன்மிகு பணியாளர் விசாவுக்கு மாறுபவருக்கு, வேலை கொடுப்பவர், வெளிநாட்டவரை ஸ்பான்சர் செய்யும்போது அரசுக்குக் கட்டும் குடிவரவுத் திறன் கட்டணத்தைச் செலுத்த வேண்டியதில்லை. கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுபவருக்கு அந்த விலக்கு கிடையாது. இதை ஒரு நடுத்தர நிறுவனத்தின் மனிதவள அலுவலரிடம் சொன்னபோது, அவர் எதிரிலேயே அரசின் பக்கத்தைத் திறந்து படித்துப் பார்த்து, "இது எங்கள் செலவைக் குறைக்கிறதே," என்றார். வேலைவாய்ப்பு ஆலோசகருக்கும் இது தெரியாது, விசா ஆலோசகர் இதை நிறுவனத்திடம் சொல்லப்போவதும் இல்லை.

அமெரிக்கா, சமூகவியல் முனைவர்

எல்லோரும் பொறியியலும் நிதியியலும் எழுதுகிறீர்கள். எங்களுக்கு 24 மாத நீட்டிப்புக்கு வழியில்லை. 12 மாதத்தோடு முடிந்தது. வழிகாட்டி மையத்தில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் பெரும்பாலானவை தனியார் நிறுவனங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. என்னைக் கரைசேர்த்தது ஆய்வு நெறியாளர் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தி. ஆண்டுதோறும் 65,000, அமெரிக்க முதுகலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்றோருக்குக் கூடுதலாக 20,000 என்று எச்-1பி விசாவுக்கு உள்ள உச்சவரம்பும் அதற்கான குலுக்கலும், பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் பொருந்தா. நான் தேடலை அந்த வட்டத்துக்குள் மாற்றிக்கொண்டேன். சம்பளம் குறைவுதான். இன்னொன்று: புதிதாகச் சேரப்போகிறவர்கள், தங்கள் பட்டம் எந்தப் பாடக் குறியீட்டின் கீழ் பதிவாகிறது என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பொருளாதாரம் ஒரு பல்கலைக்கழகத்தில் நீட்டிப்புக்குரிய குறியீட்டிலும் இன்னொன்றில் அப்படியில்லாத குறியீட்டிலும் இருக்கக் காண்கிறோம்.

கனடா, பொதுச் சுகாதார முதுகலை

சுருக்கமாக ஒன்று. படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதிக்கு, படிப்பை முடித்ததற்கான உறுதி கிடைத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் அதற்கு மொழித் தேர்வு முடிவும் தேவைப்படுகிறது. முழுப் படிப்பையும் ஆங்கிலத்திலேயே முடித்த என் வகுப்புத் தோழர் ஒருவர், தமக்கு எதற்குத் தேர்வு என்று விசா அலுவலகத்தில் வாதாடிக்கொண்டிருந்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே தேர்வு மையத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

மீண்டும், அமெரிக்கா, தரவு அறிவியல் முதுகலை

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சமூகவியல் படித்தவர் சொன்ன பாடக் குறியீட்டை நானும் வழிமொழிகிறேன். அது மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 ஆவணத்திலேயே அச்சாகி இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

ஓபிடி காலத்தில் வேலையில்லாத நாட்கள் ஏறிக்கொண்டே போகும்போது, "பயிற்சிக் கட்டணம் செலுத்துங்கள், வேலையில் இருப்பதாகக் கடிதம் தருகிறோம்" என்று சில இடைத்தரகு நிறுவனங்கள் தாமாகவே அழைக்கும். எனக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. செய்யாத வேலையின் அனுபவத்தை ரெஸ்யூமில் சேர்த்துக்கொள்ளும்படியும் சொன்னார்கள். மறுநாளே விசா அதிகாரியிடம் அதைக் காட்டினேன். இல்லாத வேலையை இருப்பதாகப் பதிவு செய்வது, பின்னாளில் எச்-1பி விண்ணப்பத்தின்போதோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை கோரும்போதோ வெளிப்பட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்றார். அதற்குப் பதிலாக அவர் காட்டிய வழி சட்டப்படியானது: முதல் 12 மாதத்தில், தொழிலாளர் சட்டங்களை மீறாத வகையில், சொந்தத் துறையில் வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் செய்யும் ஊதியமற்ற தன்னார்வப் பணியும் வேலையாகவே கணக்கில் கொள்ளப்படும். நீட்டிப்புக் காலத்தில் இது செல்லாது. அப்போது ஊதியம் இருந்தே ஆக வேண்டும்.

எந்த இடத்தில் அத்தகைய பணி கிடைக்கும் என்று அவரிடம் கேட்டேன். அது வேலைவாய்ப்பு மையத்தில் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லிவிட்டார். அங்கே போனேன். ஒரு லாபநோக்கற்ற மருத்துவ ஆய்வு அமைப்புக்குத் தரவுகளைச் சீர்ப்படுத்த ஆள் தேவைப்படுவதாக ஆலோசகரிடம் ஏற்கெனவே ஒரு மின்னஞ்சல் வந்து கிடந்தது. அதை விசாவோடு தொடர்புபடுத்திப் பார்க்க அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. அந்த அமைப்பில் முதலில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஐ-983 படிவத்தில் இப்போது கையெழுத்திட்டிருப்பதும் அவர்கள்தாம்.